ஒரே மணல், இரண்டு கிணறு, இரண்டு விதமான ஓட்டம்: காரணம் பழைய நிலமா, ஆழமா?

செந்தூல் வாசி:

எல்லாருக்கும் வணக்கம். கோலாலம்பூர்ல ஒரு எண்ணெய்ச் சேவை நிறுவனத்துல உற்பத்திப் பொறியாளரா இருக்கேன். படிச்சது மெக்கானிக்கல். பாறை விஷயமெல்லாம் வேலைக்கு வந்தப்புறம் கேட்டுக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதுதான்.

கேள்வி இதுதான். திரெங்கானு கரைக்கு அப்பால், மலாய்ப் படுகையில ஒரு பழைய எண்ணெய் வயல். பேர் வேண்டாம். “ஜே குரூப்”னு பேர் வச்ச அடுக்கோட மணல். பக்கத்துப் பக்கத்துல ரெண்டு கிணறு, ஒண்ணு “ஏ”, இன்னொண்ணு “பி”ன்னு வச்சுக்குவோம். லாக்ல, அதாவது கிணத்துக்குள்ள கருவி இறக்கி எடுத்த பதிவுல, பார்த்தா மணலோட தடிப்பு ஏறக்குறைய ஒண்ணு. நுண்துளை விகிதமும் ஒண்ணு. ஆனா ஏ கிணறு வருஷக்கணக்கா நல்லா ஓடுது. பி கிணறு முதல் நாள்லேருந்தே இழுபறி. அதுக்கு மேல தண்ணியும் சீக்கிரம் வந்துடுச்சு. பெரியவங்களைக் கேட்டா “ஃபேசிஸ் மாறிடுச்சு”ன்னு ஒரே வரியில முடிச்சுடறாங்க. அப்படின்னா என்ன, எது மாறுச்சு, ஏன் மாறுச்சு? பொறுமையா விளக்க யாராவது இருக்கீங்களா?

மணல்மேடு:

தம்பி, இது ஒரு வரியில் முடிக்கக்கூடிய விஷயமில்லை. நான் கோர், அதாவது கிணற்றிலிருந்து வெட்டி எடுத்த பாறைத் துண்டு, பார்க்கிற வேலையில் இருப்பவள், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

நுண்துளை விகிதம் என்பது பாறையில் காலி இடம் எவ்வளவு என்ற கணக்கு. அந்த இடங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தாராளமாக வழிவிடுகின்றன என்பது ஊடுதிறன், நீங்கள் மில்லிடார்சி என்ற அலகில் எழுதுகிறீர்களே அது. இந்த இரண்டும் எப்போதும் சேர்ந்தே போகும் என்று நினைப்பதால்தான் குழப்பம் வருகிறது. ஒரே அளவு உருண்டைகளை அடுக்கினால், உருண்டை பெரிதோ சிறிதோ, காலி இடத்தின் விகிதம் மாறாது. ஊடுதிறன் அப்படியில்லை. அது மணியின் விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். விட்டம் பாதியானால் ஊடுதிறன் கால்வாசி. ஆகவே உங்கள் லாக் இரண்டு கிணற்றுக்கும் ஒரே நுண்துளை விகிதத்தைக் காட்டலாம், ஓட்டம் மலைக்கும் மடுவுக்குமாக இருக்கலாம்.

மணியின் அளவை முடிவு செய்தது அதைச் சுமந்து வந்த தண்ணீரின் வேகம். எல்லா மணியும் ஒரே அளவாக இருக்கிறதா, சேறு கலந்திருக்கிறதா என்பதை முடிவு செய்தது அது படிந்த இடம்: ஆற்று வளைவின் உட்கரையா, அலை மோதும் கரையா, கடல் ஏறி வற்றும் கழிமுகமா, கரை உடைந்து வெள்ளம் பரவிய வயல்வெளியா. பெரியவர்கள் “ஃபேசிஸ்” என்று சொல்வது இதைத்தான். நீங்கள் துளைத்திருப்பது ஒரு பழைய நிலப்பரப்பை. ஏ கிணறு அதில் ஓர் இடத்தில் இறங்கியிருக்கிறது, பி கிணறு வேறோர் இடத்தில்.

இதை நம் நாட்டிலேயே கண்ணால் பார்க்கலாம். தித்திவங்சா மலைத்தொடரின் கருங்கல்லிலிருந்து ஆறுகள் இரண்டு பக்கமும் இறங்குகின்றன. மேற்கே கிள்ளான் ஆறு, கிழக்கே பகாங் ஆற்றின் கிளைகள். மலை ஒன்றுதான், கருங்கல் ஒன்றுதான், மழையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கிழக்குக் கரையில் நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று எழுப்பும் அலை, ஆறு கொண்டுவந்ததை முறம் போல் புடைத்துச் சேற்றை அகற்றி, சுத்தமான மணலைக் கரையோரம் வரிசை வரிசையாக மேடு கட்டிவிடுகிறது. மேற்கே மலாக்கா நீரிணை அடக்கமான கடல். அங்கே சேறு தங்குகிறது, அலையாத்திக் காடு வளர்கிறது. இந்த இரண்டு கரைகளையும் இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் புதைத்துப் பாருங்கள். ஒன்று நல்ல எண்ணெய்ப் பாறை ஆகும். மற்றது பெரும்பாலும் மூடி ஆகும், எண்ணெயை வெளியே விடாத மூடி.

தண்ணீர்மலை:

பினாங்கிலிருந்து எழுதுகிறேன். லாக் ஆய்வில் பல காலம் இருந்துவிட்டு இப்போது ஓய்வு. மணல்மேடு அம்மா சொன்னதில் பிழையில்லை. ஆனால் கதை அங்கேயே முடிகிற மாதிரி எழுதிவிட்டார். மணல் படிந்த நாளில் எப்படி இருந்தது என்பது ஒன்று, எண்ணெய் வந்து சேர்ந்த நாளில் எப்படி இருந்தது என்பது இன்னொன்று.

மலாய்ப் படுகை சூடான படுகை. கிலோமீட்டருக்கு 45 டிகிரி, கடலடியில் 25 டிகிரி என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். 2 கிலோமீட்டர் ஆழத்திலேயே 115 டிகிரி வந்துவிடும். உலகின் பல படுகைகளில் அந்த ஆழத்தில் 70, 80 டிகிரிதான் இருக்கும். அந்த 80ஐத் தாண்டினாலே மணலின் முக்கியக் கனிமமான குவார்ட்ஸ் மணிகளின் மேல் புதிய குவார்ட்ஸ் வளர ஆரம்பித்து, இடைவெளியை அடைக்கும். ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் கரைந்து கயோலின் என்ற களிமண் ஆகும். இன்னும் ஆழம் போனால் இல்லைட் என்ற இன்னொரு களிமண் கனிமம் நார் நாராக முளைத்துத் துளையின் வாயையே கட்டிவிடும். நுண்துளை விகிதம் பெரிதாகக் குறையாமலே ஊடுதிறன் படுத்துவிடும்.

ஆகவே தம்பி, பி கிணற்று மணல் கொஞ்சம் ஆழமாக இருக்கிறதா, அங்கே வெப்பம் கூடுதலா என்று முதலில் பாருங்கள். எல்லாவற்றையும் ஆறு, கடல் என்று சொல்லி முடித்துவிட வேண்டாம்.

பிரிக்பீல்ட்ஸ் ஆசிரியர்:

நான் துறைக்கு அப்பாற்பட்டவன். ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியன். ஒரு சந்தேகம். திரெங்கானு கரையிலிருந்து நூறு, இருநூறு கிலோமீட்டர் தள்ளி நடுக்கடலில் அல்லவா இந்தக் கிணறுகள் இருக்கின்றன? அங்கே ஆற்று வளைவு, கழிமுகம் என்று நீங்கள் பேசுவது எப்படி? அக்காலத்தில் கடல் அங்கே இல்லையா? தயவுசெய்து யாராவது தெளிவுபடுத்த வேண்டும்.

மணல்மேடு:

ஐயா, இரண்டு காலங்களைத் தனித்தனியாகச் சொன்னால் தெளிவாக இருக்கும்.

முதலில் அண்மைக் காலம். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், உலகின் கடல் மட்டம் இன்றையதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. மலாய்ப் படுகைக்கு மேலே இன்றைய கடலின் ஆழம் பெரும்பாலான இடங்களில் அதைவிடக் குறைவு. ஆகவே அது பெரும்பாலும் நிலமாக இருந்தது. தீபகற்பம், சுமத்ரா, ஜாவா, போர்னியோ எல்லாம் ஒரே பரப்பு, சுண்டாலாந்து. அதன் நடுவே பெரிய ஆறுகள் ஓடின. அவற்றின் பள்ளத்தாக்குகள் இன்றும் கடலடியில் இருக்கின்றன. நில அதிர்வலை அனுப்பி எடுத்த முப்பரிமாண சைஸ்மிக் தரவைக் கிடைமட்டமாக வெட்டிப் பார்த்தால் ஆற்றின் வளைவு, கிளை, ஆறு அறுத்துக்கொண்டு கைவிட்ட குளம் எல்லாம் வரைந்து வைத்த மாதிரி தெரியும். நான் முதன்முதலில் பார்த்தபோது திரையை விட்டு எழுந்து போக மனமில்லை.

ஆனால் எண்ணெய் இருப்பது அந்த ஆறுகளில் இல்லை, அவை மிகவும் இளையவை. எண்ணெய் மணல்கள் பல மில்லியன் ஆண்டுகளுக்கு முந்தியவை. படுகை நீட்டிக் கிழிந்து உருவானது இயோசீன் முடிவு, ஒலிகோசீன் காலத்தில், அதாவது ஏறக்குறைய மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன். முதலில் நன்னீர் ஏரிகள் உண்டாயின. அந்த ஏரிச் சேற்றில் புதைந்த பாசிதான் எண்ணெய்க்கு மூலப்பொருள்களில் ஒன்று. அடுக்குகளுக்கு மேலிருந்து கீழாக ஏ முதல் எம் வரை எழுத்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஜே குரூப் மயோசீன் தொடக்கத்தைச் சேர்ந்தது, அதாவது சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முந்தியது. அப்போது அங்கே ஆழம் குறைந்த, குறுகலான ஒரு கடல் நுழைவு இருந்தது. ஏற்றவற்றமும் அலையும் மணலைப் புரட்டிய இடம். மேலேயுள்ள ஐ குரூப்பில் ஆறும் கழிமுகமும் சதுப்பும் கூடுகின்றன, நிலக்கரி நிறைய வருகிறது.

இங்கே ஒரு விஷயம் முக்கியம். சுண்டா மேடை, அதாவது இந்தக் கடலடி நிலம், மிகவும் தட்டையானது. தட்டையான நிலத்தில் கடல் மட்டம் கொஞ்சம் ஏறினாலே கரை வெகுதூரம் உள்ளே போய்விடும், கொஞ்சம் இறங்கினால் வெகுதூரம் வெளியே போய்விடும். ஆகவே ஒரே இடத்தில் கிணறு தோண்டினால் கரை மணல், சதுப்பு, ஆற்று மணல், கடல் சேறு என்று மாறி மாறி வரும். கடல் இறங்கும்போது ஆறு பழைய மணலையே அறுத்துப் பள்ளம் பறிக்கும். மறுபடி கடல் ஏறும்போது அந்தப் பள்ளத்தின் அடியில் ஆற்று மணல் தங்கி, மேலே கழிமுகச் சேறு நிறையும். செந்தூல் தம்பியின் இரண்டு கிணறுகளில் ஒன்று இப்படிப்பட்ட பள்ளத்துக்குள் இறங்கியிருந்தால்கூட எனக்கு ஆச்சரியமில்லை.

கிள்ளான் கரை:

நான் கிள்ளான் காரன். எண்ணெய் வேலையில்லை, படகு வேலை. மணல்மேடு அக்கா சொன்ன மேற்குக் கரை எனக்குப் பழகின இடம், அதனால எழுதுறேன்.

கேரித் தீவு, பூலாவ் கெத்தாம், பூலாவ் இண்டா எல்லாமே கிள்ளான், லங்காட் ஆறுகள் கடல்ல சேர்ற கழிமுகத்துத் தீவுதான். பெரிய ஏற்றம் வர்ற நாள்ல கிள்ளான் துறைமுகத்துல தண்ணி 4 மீட்டருக்கு மேல ஏறி இறங்கும். வத்தினப்புறம் போய்ப் பாருங்க, வாய்க்கால் நடுவுல மட்டும் மணல் இருக்கும். ரெண்டு பக்கமும் முழங்கால் புதையற சேறு. மணல்லகூட ஒரு அடி தோண்டினா மெல்லிசா கறுப்புச் சேறு, அப்புறம் மணல், மறுபடி சேறு. தண்ணி ஓடுறப்போ மணல் போடுது, ஏத்தமும் இல்லாம வத்தமும் இல்லாம நிக்கிற கொஞ்ச நேரத்துல சேறு படியுது. இது தினமும் நடக்குது.

அக்கா, இந்தச் சேத்துப் படலம்தான் அவங்க கிணத்துல பிரச்சனையா?

மணல்மேடு:

தம்பி, அதேதான். நீங்கள் பார்த்ததைத்தான் நாங்கள் கோரில் விரல் கனத்தில் பார்க்கிறோம். கிள்ளான்–லங்காட் கழிமுகத்தைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர்கள் 1970இல் விரிவாக எழுதினார்கள். வெப்பமண்டலத்தில், ஏற்றவற்றம் ஆளும் கழிமுகம் எப்படி இருக்கும் என்பதற்கு அது உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படும் இடம். கோலாலம்பூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்.

அந்தச் சேற்றுப் படலம் எண்ணெய் பக்கவாட்டில் வருவதை அவ்வளவாகத் தடுப்பதில்லை. மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் போவதைத்தான் தடுக்கிறது. செங்குத்து ஊடுதிறன் கிடைமட்டத்தில் இருப்பதில் நூறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடலாம். இன்னொரு சிக்கல், சில சென்டிமீட்டர் கனமுள்ள மணலும் சேறும் மாறி மாறி வந்தால் லாக் கருவிக்கு அவை தனித்தனியாகத் தெரியாது, எல்லாவற்றையும் கலந்து ஒரு சராசரி எண்ணைத்தான் கொடுக்கும். எண்ணெய் இருந்தால் உயர வேண்டிய மின்தடையைக் குறைவாகக் காட்டும், “இதில் எண்ணெய் இல்லை” என்று தாண்டிப் போய்விடுவார்கள். மலாய்ப் படுகையில் அப்படித் தாண்டிப்போன மணல்களைப் பிறகு திரும்பி வந்து எடுத்திருக்கிறார்கள்.

நண்டும் இறாலும் தோண்டும் வளைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சில இடங்களில் சேற்றை மணலோடு கலக்கிக் கெடுத்துவிடும். சில இடங்களில் வளைக்குள் மணல் நிரம்பி, சேற்றுப் படலத்தைத் துளைத்து மேலும் கீழும் வழி ஏற்படுத்திவிடும். கோர் பார்க்காமல் இதைச் சொல்ல முடியாது.

மீரி மலை:

சரவாக்கில் வேலை பார்த்துவிட்டு இப்போது கோலாலம்பூர் வந்திருக்கிறேன். கோர் பார்க்க வாய்ப்பில்லாதவர்கள் மீரிக்குப் போங்கள். 1910 டிசம்பரில் முதல் எண்ணெய் வந்த கிணறு கனடா மலை மேல் இருக்கிறது, எல்லாரும் அதன் முன்னால் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். கீழே விமான நிலையச் சாலைப் பக்கம் வெட்டி விட்ட பாறைச் சுவரை யாரும் நின்று பார்ப்பதில்லை. அதுதான் அந்த எண்ணெய் இருந்த மணல், மயோசீன் காலத்தது. அலை அடித்துப் போட்ட மணல், ஏற்றவற்றத்தில் படிந்த சேற்று வரி, நடுவே பிளவு, எல்லாவற்றையும் கையால் தொடலாம். மீரி வயல் 1972 வரை ஓடியது. அதே பாராம் டெல்டா கடலுக்கடியிலும் நீள்கிறது. மணலின் பாரம் தாங்காமல் டெல்டா படியும்போதே சரிந்து பிளந்திருக்கிறது. சரிந்த பக்கத்தில் மணல் இன்னும் தடிப்பாகச் சேர்ந்திருக்கிறது.

சபா பக்கம் போனால் கதை வேறு. குரோக்கர் மலைத்தொடர் எழும்பி அரிபட்டு, அந்த மணல் மேடையின் விளிம்பைத் தாண்டி ஆழ்கடலுக்குள் சரிந்திருக்கிறது. 2002இல் கண்டுபிடித்து 2007இல் உற்பத்திக்கு வந்த கிக்கே வயல் அப்படிப்பட்ட ஆழ்கடல் மணல். தண்ணீர் மட்டுமே 1,300 மீட்டர் ஆழம்.

பத்துமலை அடிவாரம்:

எல்லாரும் மணலைப் பற்றியே பேசுகிறீர்கள். சரவாக் கடற்பகுதியான மத்திய லுக்கோனியாவில், பின்துலு நகருக்கு வாயு அனுப்பும் வயல்களில் பல, சுண்ணாம்புப் பாறை. மயோசீன் கடலில் பவளப் பாறைகள் வளர்ந்து எழும்பிய மேடைகள். கடல் இறங்கியபோது அவற்றின் உச்சி மழையில் நனைந்து கரைந்து துளைவிட்டிருக்கிறது. பத்துமலைக் குகை எப்படி உண்டானதோ அதே வேலைதான், சிறிய அளவில். கோலாலம்பூர் நகரத்துக்கு அடியிலும் அதே மாதிரிக் கரைந்த சுண்ணாம்புதான். இரட்டைக் கோபுரம் கட்டும்போது அடியில் பள்ளம் தெரிந்து, இடத்தையே சுமார் 60 மீட்டர் தள்ளினார்கள். கட்டடக்காரருக்கு ஆபத்தான அந்தத் துளை, வாயு வயலில் ஊடுதிறன். துளைபோடுகிறவர்களுக்கு அங்கேயும் ஆபத்துதான், துளையிடும்போது கிணற்றுக்குள் செலுத்தும் துரப்பணச் சேறு மொத்தமாகப் பாறைக்குள் போய்விடும். மணலானாலும் சுண்ணாம்பானாலும் பழைய கடல் எங்கே நின்றது என்பதுதான் கேள்வி என்று நினைக்கிறேன்.

தண்ணீர்மலை:

மீரி மலை, பத்துமலை இருவரும் எழுதியது அருமை. ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. வெப்பத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நல்ல கரை மணலாகவே இருக்கட்டும், 120 டிகிரியில் பத்து மில்லியன் ஆண்டு இருந்தால் என்ன மிஞ்சும்?

மணல்மேடு:

ஐயா, பதில் சொல்லத்தான் நேரம் எடுத்துக்கொண்டேன், ஏனென்றால் உங்கள் கேள்விதான் இந்த இழையிலேயே கனமானது.

வெப்பம் மணலைக் கெடுக்கும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எல்லா மணலையும் ஒரே மாதிரி கெடுப்பதில்லை. மணியின் மேல் குளோரைட் என்ற களிமண் கனிமம் மெல்லிய பூச்சாகப் படிந்திருந்தால் புதிய குவார்ட்ஸ் வளர இடம் கிடைக்காது, இடைவெளி பிழைத்துக்கொள்ளும். அந்தக் குளோரைட் எங்கிருந்து வருகிறது? ஆறு கொண்டுவரும் இரும்பு, கடலின் உப்புத் தண்ணீரைத் தொட்டவுடன் திரண்டு படியும் இடத்தில், அதாவது கழிமுகத்திலும் டெல்டாவின் முகத்திலும்தான் அதற்கான மூலப்பொருள் சேர்கிறது. சேறு கலந்த மணல் பாரத்தில் சீக்கிரம் நசுங்கும், சுத்தமான குவார்ட்ஸ் மணல் தாக்குப்பிடிக்கும். எது சுத்தம் என்பதை முடிவு செய்தது அலை. எரிமலைப் பாறையிலிருந்து வந்த மணல் புதைந்தவுடன் களிமண்ணாகிவிடும், கருங்கல்லிலிருந்து வந்தது அப்படி ஆகாது. அதை முடிவு செய்தது மலை. மணலைச் சுற்றித் தடித்த சேறு மூடியிருந்தால் உள்ளே தண்ணீர் சிக்கி அழுத்தம் ஏறும். அந்த அழுத்தமே பாரத்தில் ஒரு பங்கைத் தாங்கித் துளையைக் காப்பாற்றும். அந்தச் சேற்றைப் போட்டது ஏறிவந்த கடல்.

ஆக, சூடு செய்யும் வேலைக்கும் பழைய நிலம்தான் முன்கூட்டியே இடம் குறித்து வைத்திருக்கிறது. பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளில் ஆழமும் வெப்பமும் பெரிதாக வேறுபடாது. அப்படியிருந்தும் ஓட்டம் இவ்வளவு வேறுபட்டால், நான் முதலில் தேடுவது படிந்த இடத்தின் வேறுபாட்டைத்தான்.

தண்ணீர்மலை:

குளோரைட் விஷயத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஒரே வயலுக்குள் ஒப்பிட்டால் நீங்கள் சொல்வது பொருந்தும். ஆனால் ஜே மணலை விட்டு கே, எல், எம் என்று கீழே போகும்போது வெப்பம் முந்திக்கொள்ளும். அங்கே எவ்வளவு நல்ல ஆற்று மணலாக இருந்தாலும் நம்பிப் பணம் போட யோசிக்க வேண்டும். அந்த எல்லையை மட்டும் மறக்க வேண்டாம்.

செந்தூல் வாசி:

எல்லாருக்கும் நன்றி. சும்மா நன்றி சொல்லிட்டுப் போகாம, ஆபீஸ்ல பழைய கோப்பையெல்லாம் எடுத்துப் பார்த்தேன்.

ஏ கிணத்துல காமா ரே, அதாவது சேறு கூடினா கூடுற லாக் அளவு, கீழேருந்து மேல போகப் போக குறையுது, மேலதான் சுத்தமான மணல். பி கிணத்துல நேர் எதிர். அடியில சுத்தம், மேல போகப் போக சேறு கூடுது. பி கிணத்து கோர் படத்துல கிள்ளான் அண்ணன் சொன்ன மாதிரியே கறுப்பு வரி வரியா இருக்கு. ஆழம் ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், தண்ணீர்மலை ஐயா. தண்ணி சீக்கிரம் வந்தது இதனாலதானா? அடுத்து நான் என்ன பார்க்கணும்?

மணல்மேடு:

பார்த்தீர்களா, இரண்டும் ஒரே மணல் இல்லை. ஏ கிணறு கடலை நோக்கி வளர்ந்த கரை மணல், அல்லது ஆற்றுவாய் மணல்மேடு. அதில் மேலே போகப் போக மணி பெரிதாகும். பி கிணறு கழிமுக வாய்க்கால். அடியில் பருமணல், மேலே சேறு.

தண்ணீர் விஷயமும் இதில்தான் இருக்கிறது. தண்ணீர் எண்ணெயைவிடக் கனம், தானாகவே கீழே இறங்கப் பார்க்கும். ஏ கிணற்றில் நல்ல ஊடுதிறன் மேலே இருப்பதால் தண்ணீர் மேலேயும் இழுக்கப்படுகிறது, கனத்தால் கீழேயும் இறங்குகிறது, மணல் முழுவதையும் ஓரளவு சமமாகத் துடைத்துக்கொண்டு வருகிறது. பி கிணற்றில் கனமும் ஊடுதிறனும் சேர்ந்து தண்ணீரை அடியிலேயே ஓட வைக்கின்றன. அது அடிமணல் வழியே நேரே கிணற்றுக்கு வந்துவிடும். மேலே உள்ள எண்ணெயைச் சேற்று வரிகள் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த எண்ணெய் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அடுத்து இரண்டு கிணற்றிலும் அளந்த பழைய அழுத்தக் கணக்கை எடுங்கள். ஏ கிணறு இவ்வளவு நாள் ஓடியும் பி கிணற்றில் அழுத்தம் இறங்கவில்லை என்றால் இரண்டுக்கும் இணைப்பே இல்லை, வாய்க்கால் ஏ மணலை அறுத்துக்கொண்டு போயிருக்கிறது. அதன் பிறகு உங்கள் சைஸ்மிக் ஆளிடம் அந்த மணலின் மட்டத்தில் ஒரு கிடைமட்ட வெட்டு கேளுங்கள். வாய்க்காலின் ஓரம் எங்கே என்று தெரிந்தால்தான் பி கிணற்றைக் கீழே மூடி மேலே மறுபடி துளைபோடுவதா, பக்கவாட்டில் திருப்பி ஏ மணலுக்குள் கொண்டுபோவதா என்று முடிவு செய்ய முடியும். அழுத்தக் கணக்கு கிடைத்ததும் இங்கே போடுங்கள், வயலின் பெயர் இல்லாமல்.

தண்ணீர்மலை:

தம்பி, பி கிணற்றின் மேல்பகுதிக்கு மெல்லிய அடுக்குகளைப் பிரித்துக் காட்டும் பட லாக் எடுத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். இருந்தால் சேற்று வரிகளுக்கு நடுவே மணல் எவ்வளவு என்று எண்ணிவிடலாம். எண்ணுவதற்கு உதவி தேவையென்றால் சொல்லுங்கள், நான் செய்து தருகிறேன்.